கலைத்ததை எழுப்பாதீர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழர்களுக்கு,

உங்கள் பிரிவின் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் புதியவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். ஊக்கம் தருவது என் துறை அல்ல. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் என்னால் யாரும் ஊக்கம் பெற்றதாக ஒரு புகார்கூட வந்ததில்லை. ஆனால் நீங்கள் பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கிறீர்கள் என்று அவர் சொன்னதும் எழுத ஒப்புக்கொண்டேன். அந்த நாடாக்களில் ஒன்றைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்கள். நானும் சுற்றறிக்கைகளை அப்படித்தான் வைத்தேன்.

என் முதல் மேலதிகாரி எனக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். 'எழுத்தில் வராதது காதில் விழாது.' இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பணிக்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம். நான் ஓட்டினேன். பதிவேடுகள் என் கைக்கு அடக்கம். எந்த விதியின் எந்த உட்பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு முறைதான் அந்தப் பாடம் குழியில் தள்ளியது. குழியில் விழுந்தது நானல்ல, வேறொருவர். நான் கரையில் நின்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகவில்லை. அங்கே இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். எங்கள் பிரிவும் கடலூரில்தான் இருந்தது. ஒரு கேமரா, படத்தொகுப்பு இயந்திரம் ஒன்று, நான். கோயில் விழா, கூத்து, சந்தை என்று எதையாவது படம் பிடித்து அலமாரியில் பூட்டி வைப்பது எங்கள் பணி. அதற்குப் பண்பாட்டு ஆவணம் என்று பெயர். அலமாரியைத் திறந்து பார்க்க யாரும் வந்ததில்லை.

ஒருநாள் ஓர் ஓவியர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இன்று பெரிய மனிதர். வெளிநாட்டில் படித்துவிட்டு, தூரிகையைக் கீழே வைத்து வீடியோ கேமராவைக் கையில் எடுத்திருந்தார். புனித மண்டலங்களின் குறியீடுகளை நவீன வீடியோ கலையில் மறுபடைப்புச் செய்வது அவருடைய திட்டம். அதற்கு எங்கள் கேமராவும் ஒரு வேனும் நானும் பத்து நாளைக்குத் தரப்பட வேண்டும் என்று மேலிடத்து ஆணை வைத்திருந்தார். ஆணையில் என் பெயர் கேமராவுக்கும் வேனுக்கும் நடுவில் இருந்தது.

மண்டலம் என்றால் என்ன என்று அவர் எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். பிரபஞ்சம், மையம், வெறுமை. எங்கள் பக்கத்தில் நோய்நொடிக்குக் கழிப்புக் கழிக்கும்போது தரையில் பொடியால் சக்கரம் போடுவார்களே, அதுவா என்று கேட்டேன்.  அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த வரி பிற்பாடு அவருடைய கண்காட்சிக் கையேட்டில் அவருடைய கண்டுபிடிப்பாக வந்தது.

சக்கரம் போடுகிறவரை நான்தான் தேடிப் பிடித்தேன். தியாகதுருகத்தை ஒட்டிய ஊர். பெயர் ஏழுமலை; வயது முப்பதுக்குள். சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். சாலை வேலையில் தினக்கூலி. குழி மூடுவது, ஓரத்துப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிப்பது. எட்டு வருடம் அப்படி ஓடி, நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் அப்போதுதான் ஏறியிருந்தது. சக்கரம் போடுவது அவருக்குக் குடும்ப வழியில் வந்த கூடுதல் பொறுப்பு. நம் அலுவலக மொழியில் சொன்னால், கூடுதல் பொறுப்புக்குப் படி கிடையாது.

அந்தச் சமயம் அவருடைய தங்கை அஞ்சலைக்கு ஒரு சக்கரம் போட வேண்டியிருந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு முறை கரு தங்காமல் போய், இப்போது மூன்றாவது. ஐந்தாம் மாதம். அரிசி மாவு, மஞ்சள், கரித்தூள், காய்ந்த இலைப்பொடி, மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த சிவப்பு என்று ஐந்து நிறத்தில் சக்கரம் போட்டு, நடுவில் அவரை உட்கார வைப்பார்கள். வினை எல்லாம் சக்கரத்தில் இறங்கும். பொழுது சாய்வதற்குள் அவரே எழுந்து தன் காலால் அதைக் கலைத்துவிட வேண்டும். படம் பிடிக்கலாமா என்று கேட்டோம். ஏழுமலை ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"புடிச்சிக்கோங்க சார். ஆனா கலைச்சத திருப்பி எழுப்பக் கூடாது. எழுப்புனா எறங்குனது திருப்பி அவ மேலயே ஏறும்."

ஓவியர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

சடங்கை அஞ்சலையின் வீட்டு வாசலிலேயே செய்திருக்கலாம். ஆனால் அந்த வாசலில் சைக்கிள் நின்றது, கோழி மேய்ந்தது, எதிரே உரக்கடைப் பலகை தெரிந்தது. பிரபஞ்சத்தில் உரக்கடை இருக்கக் கூடாது என்பது ஓவியரின் கொள்கை. அதனால் கல்வராயன் மலைக்குப் போவதென்று முடிவானது. மலையில் வெள்ளிமலைக்குப் போகும் வழியில் அகலமான ஒரு பாறையை அவர் பார்த்து வைத்திருந்தார். ஐந்து மாதக் கர்ப்பிணியை விடியற்காலையில் வேனில் ஏற்றி, கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுகளில் குலுக்கி மேலே கொண்டுபோனோம். ஆதித் தன்மை வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும். ஓவியர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

பாறைக்கு மேலே கட்டைகள் கட்டி, கேமராவை நேர் கீழே பார்க்கும்படி வைத்தோம். முகங்கள் தெரியவே கூடாது என்றார் ஓவியர். முகம் வந்தால் கதை வந்துவிடுமாம். எங்கள் கேமராவோடு ஒரு சின்னப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது. படத்தின் வலது கீழ் மூலையில் தேதியையும் நேரத்தையும் பொறிக்கும். அதை அணைக்கச் சொன்னார். ஆவணப் பதிவுகளில் அதை அணைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். இந்த எண்கள் என் வெறுமையைக் கெடுக்கின்றன என்றார். வெறுமைக்கு விலக்கு அளிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். எண்கள் தங்கின.

காலை பத்து மணி சுமாருக்கு ஏழுமலை உட்கார்ந்து முதல் பொடியை விட்டார். பிற்பகல் மூன்றரைக்கு மேல் அஞ்சலை எழுந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, வட்டம் வட்டமாக நடந்து அத்தனையையும் கலைத்தார். நான் வேலை செய்யும்போது வாய் பார்க்கிறவன் அல்ல. அன்று பார்த்தேன்.

திரும்பும்போது தியாகதுருகத்துக்கு முன்னால் சாலை இல்லை. காலையில் நாங்கள் கடந்துபோன பிறகு, பத்து மணிக்கு மேல், இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். கூட்டம் வேனைச் சூழ்ந்தது. ஓவியர் ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டி, விழுந்த மரங்களை, நின்ற முகங்களை எல்லாம் பதிவு செய்யத் தொடங்கினார். முகம் வேண்டாம் என்ற கொள்கையை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"போலீசுக்குப் படம் புடிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். கையில் கோடாரி. நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை கீழே இறங்கினார். வேனில் தங்கச்சி இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று பேசினார். கோடாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி மட்டும் போற அளவுக்கு நீயே வெட்டிக்க. நாங்க வெட்டி வழி வுட்டோம்னு பேரு வரக் கூடாது" என்று கோடாரியை ஏழுமலை கையில் கொடுத்தார். ஏழுமலை சட்டையைக் கழற்றி, ஓரத்துக் கிளை ஒன்றை வெட்டி இழுத்துப் போட்டார். தான் சுண்ணாம்பு அடித்த மரம் அது என்று பிறகு சொன்னார். வேன் போயிற்று.

சாலையோரத்தில் நின்ற யாரோ இரண்டு பேர் பார்த்தது இவ்வளவுதான்: ஏழுமலை, கோடாரி, புளியமரம்.

அடுத்த வாரம் கடலூரில் படத்தொகுப்பு. ஓவியர் சொல்வார், நான் இயந்திரத்தைத் திருகுவேன். மூன்றாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது. ஐந்தரை மணி நேரச் சடங்கை நாற்பது நிமிடமாகச் சுருக்கித் தலைகீழாக ஓட விட வேண்டும். காலடிகள் நடக்க நடக்கப் பொடி கூடி வர வேண்டும். சக்கரம் எழ வேண்டும். பிறகு ஒவ்வொரு நிறமும் தரையிலிருந்து கைக்குள் திரும்பிப் போக வேண்டும். 'அழிவிலிருந்து தோற்றம்' என்றார். ஏழுமலையின் நிபந்தனையை நினைவூட்டினேன். "அவர் சொன்னது பொடியை. இது வெறும் பிம்பம்" என்றார். பிம்பத்தைத் தலைகீழாக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டும் சுழற்றியைத் திருப்பினேன். மூலையில் கடிகாரமும் பின்னோக்கி ஓடியது. வெறுமையைக் கெடுத்த அதே எண்களை இப்போது அவர் மெய்மறந்து பார்த்தார்.

அவர் மூலப் பிரதியோடு சென்னைக்குப் போனார். மேலிடத்து ஆணைப்படி ஒரு பிரதி எங்கள் அலமாரிக்கு வந்தது. மலையிலும் மறியலிலும் எடுத்த அசல் நாடாக்களும் என்னிடமே இருந்தன.

அதன்பின் ஒரு காவல் அதிகாரி அலுவலகத்துக்கு வந்தார். மறியல் வழக்கில் சில பெயர்களும் 'மற்றும் பலர்' என்றும் இருப்பதாகவும், அந்தப் பலர் யார் என்று எங்கள் நாடாவில் தெரியக்கூடும் என்றும் சொன்னார். நாடாவில் நூறு முகங்கள் இருந்தன. என் மேலதிகாரியின் பாடம் நினைவுக்கு வந்தது. எழுத்தில், எங்கள் தலைமையிடம் வழியாகக் கேளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். தொகுப்பு முடிந்த அசல் நாடாக்களை மறுபயன்பாட்டுக்கு எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அன்று மாலையே அவற்றைப் பதிவேட்டில் மறுபயன்பாடு என்று எழுதி, அடுத்த நிகழ்ச்சிக்கு அனுப்பினேன். எழுத்தில் கடிதம் வந்தபோது, 'கோரப்பட்ட பொருள் இருப்பில் இல்லை' என்று பதில் எழுதினேன். நூறு பேரைக் காப்பாற்றியவன் என்ற நினைப்பில் அன்று இரண்டு வடை கூடச் சாப்பிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நாடாவில் வேறு என்ன இருக்கிறது என்று யோசிக்கவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஏழுமலை வந்தார். கையில் மடித்த காகிதம். 'மற்றும் பலர்' இடத்தில் அவர் பெயர் ஏறியிருந்தது. காலை பத்து மணிக்கு மரம் வெட்டிச் சாய்த்ததாக இரண்டு சாட்சிகள். வழக்கில் பெயர் இருந்தால் நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்காது. வேலைவாய்ப்பில் பங்கு கேட்டு நடந்த போராட்டத்தில், கலந்துகொள்ளாத ஒருவருடைய வேலை போகவிருந்தது. இதைவிடச் சுத்தமான நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை.

அவர் முகத்தில் கவலை இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அப்பாவிங்க பேரு சேந்துட்டுதுன்னு மனு குவிஞ்சி, கள்ளக்குறிச்சியில ஒரு அதிகாரி விசாரிக்கிறாராம் சார். ஆதாரம் இருந்தா கொண்டான்னாரு. நம்மகிட்டதான் படமே இருக்குதே. பத்து மணிக்கு நா மலையில குந்திக்கினு இருந்தத நீங்கதான புடிச்சீங்க."

அந்த நாடா மறுபயன்பாட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

"போயிட்டுதுன்னா, எப்ப சார் வரும்?"

அந்த நாடாவில் அப்போது வேளாண் கண்காட்சித் திறப்பு விழா இருந்தது. ஒரு பிரமுகர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் மாதிரிப் படிவம் இல்லை. அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். "எனக்காவத்தான் அழிச்சிருப்பீங்க" என்றார். அவர் கிண்டல் செய்திருந்தால் நான் நன்றாகப் பதில் சொல்லியிருப்பேன்.

சாட்சி சொல்ல நான் இருந்தேனே என்பீர்கள். அரசுப் பணியாளர் விசாரணையில் வாக்குமூலம் கொடுக்க மேலிட அனுமதி வேண்டும். அனுமதி கேட்டேன், கோப்பு மேலே போனது, இன்னும் மேலேதான் இருக்கிறது. வேன் ஓட்டுநர், தான் அன்று பகல் முழுக்கத் தூங்கியதாகச் சொன்னார், அது உண்மை. அஞ்சலை உறவுக்காரர், அவர் பேச்சு செல்லாது. ஓவியர் வெளிநாட்டிலிருந்து கடிதம் போட்டிருந்தார்: தன் கலை உள்ளூர் அரசியலுக்கு அப்பாற்பட்டதாம். எஞ்சியது அலமாரியில் இருந்த அந்தக் கலைப்படைப்பு மட்டும். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. எல்லாம் பின்னோக்கி ஓடுகிறது, அவ்வளவுதான்.

கடிகாரம் பின்னால் ஓடும் ஆதாரத்தை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். தலைகீழானதை மீண்டும் தலைகீழாக ஓட்டினால் நேராகிவிடும். ஆனால் வீட்டு வீடியோப் பெட்டிகளில் அது முடியாது. எங்கள் படத்தொகுப்பு இயந்திரத்தின் சுழற்றியில் முடியும். அந்த இயந்திரத்தை வெளியே கொண்டுபோக மூன்று கையெழுத்து, ஒரு காப்பீட்டுச் சான்று, ஒரு வாயில் சீட்டு வேண்டும். எல்லாம் கிடைக்க ஒரு மாதம் ஆகும். விசாரணை வியாழக்கிழமை.

தோழர்களே, புதன்கிழமை மாலை நான் அந்த இயந்திரத்தைப் போர்வையில் சுற்றி, காவலாளியிடம் தையல் மெஷின் என்று சொல்லி, வெளியே கொண்டுவந்தேன். என் பணிக்காலத்தில் கையெழுத்து இல்லாமல் செய்த முதல் காரியம். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் அதற்கு ஒரு டிக்கெட் போட்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் ஏழுமலையிடம் சொல்லவில்லை. படைப்பில் சக்கரம் எழுகிறது என்பதை. சொல்ல வேண்டும் என்ற நடைமுறை எதுவும் இல்லை.

விசாரணை அறையில் ஊராட்சித் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். அதிகாரி வயதானவர், எதையும் நம்பாத கண். ஏழுமலை ஓரமாக நின்றார். வாசல் பக்கத்து பெஞ்சில் அஞ்சலை, ஒன்பதாம் மாதம், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். நான் ஒயர்களைப் பொருத்தி, நாடாவைச் செருகிவிட்டு, சுழற்றியின் பக்கம் கையைக் கொண்டுபோவதற்குள், சுறுசுறுப்பான உதவியாளர் ஒருவர் ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டார். அரசு அலுவலகங்களில் சுறுசுறுப்பு ஏன் ஆபத்தானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

திரையில் பாறை. அலங்கோலமாகக் கிடந்த பொடி. அஞ்சலையின் கால்கள் பின்னோக்கி நடந்தன. ஒவ்வொரு அடிக்கும் கீழே மஞ்சளும் சிவப்பும் ஒன்று சேர்ந்தன. சக்கரத்தின் ஓர் ஓரம் எழுந்தது.

ஏழுமலை நடந்து வந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டு மூடினார்.

"என்னப்பா பண்ற?" என்றார் அதிகாரி.

"இத ஓட வுடாதீங்க சார்."

"உன் வழக்குக்கு இருக்கிற ஒரே ஆதாரம்யா அது. இதுவும் வேணாம்னா நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். வேலை போயிடும்."

"போவட்டுங்க," என்றார் ஏழுமலை. வாசல் பக்கம் திரும்பவே இல்லை. "வேல போனா மம்பட்டி இருக்குது. அவளுக்கு இது மூணாவது."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களுமா சார் எழுப்புனீங்க?"

என்னிடம் தயாராக இருந்த பதில்கள் நிறைய. ஓவியர் சொன்னார், நான் திருகினேன். பிம்பம்தான். விதி இல்லை.  நாடாவை நிறுத்தினேன். துண்டு மூடியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நாடாவைக் கடைசி வரை ஓட்டினேன். அது ஓடி முடிய எடுத்த நேரத்தில்தான் எனக்கே புரிந்தது. கடிகாரத்தை நேராக்க நான் சுமந்து வந்த சுழற்றி, சக்கரத்தையும் நேராக்கும். அரசுக்கு வேண்டியதும் ஏழுமலைக்கு வேண்டியதும் ஒரே திசையில் இருந்தன. என் பணிக்காலத்தில் அப்படி அமைந்தது அந்த ஒரு முறைதான்.

"எழுப்பினேன்," என்றேன். "இப்போ கலைக்கிறேன். நீங்களே பாருங்க. தப்பா இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

 ஏழுமலை துண்டின் ஒரு மூலையை மட்டும் தூக்கினார்.

வெறும் பாறை. மூலையில் பத்து மணி ஐந்து நிமிடம். ஒரு கை வந்து வெள்ளைப் பொடியை விட்டது. நிமிடங்கள் முன்னோக்கி ஏறின. மஞ்சள் வந்தது, கரி வந்தது. துண்டு மெல்ல மெல்ல மேலே போய், ஒரு கட்டத்தில் ஏழுமலையின் தோளுக்கே திரும்பியது.

பாதியில் அதிகாரி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எல்லாம் சரி. இது இவர்தான்னு எப்படித் தெரியும்? முகமே காணோமே."

முகம் வந்தால் கதை வந்துவிடும் என்ற தத்துவத்தை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. திரையில் தெரிந்தது ஒரு கையும் குனிந்த உச்சந்தலையும்தான். நாடாவை நிறுத்தி அந்த உச்சந்தலையைப் பார்த்தேன். இரண்டு சுழி. தெள்ளத் தெளிவாக.

"இப்படி வாப்பா. குனி," என்றார் அதிகாரி. ஏழுமலை மேசைக்கு முன்னால் குனிந்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உதவியாளர் திரையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்து எண்ணினார். அங்க அடையாளம் எழுதும் பழக்கம் உள்ள அலுவலகம். பென்சில் தானாக நகர்ந்தது.

வாசலிலிருந்து அஞ்சலை சொன்னார்: "ரெட்ட சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாங்க சார். வேல பர்மனென்டு ஆவாம ஒண்ணே வரல."

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடாரி விஷயத்தைக் கேட்டார். எங்கள் வேனுக்காகத்தான் ஏழுமலை கிளை வெட்டினார் என்று அந்த இடத்திலேயே காகிதம் வாங்கி எழுதி, கையெழுத்தும் பதவிப் பெயரும் போட்டுக் கொடுத்தேன். அனுமதிக் கோப்பு மேலே இருப்பதையும் சொன்னேன். "இது உமக்கு ஆபத்து" என்றார். தெரியும் என்றேன். எந்த விதியின்படி என்பதும் தெரியும் என்றேன்.

நாடா ஓடி முடிந்தது. அஞ்சலையின் கால்கள் முன்னோக்கி நடந்து அனைத்தையும் கலைத்தன. கடைசியில் ஒரு விளக்குமாறு வந்து கூட்டியது. மூன்று மணி நாற்பது நிமிடம். வெறும் பாறை. அந்தக் கலைப்படைப்பை முதலிலிருந்து முடிவு வரை அசையாமல் பார்த்த ரசிகர்கள் உலகத்திலேயே அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும்தான்.

பெயர் நீக்கப்பட்டது. எனக்குக் குறிப்பாணை வந்தது: இயந்திரத்தை அனுமதியின்றி எடுத்தது, அனுமதியின்றி வாக்குமூலம் கொடுத்தது, தையல் மெஷின் என்று பொய் சொன்னது. காவலாளி நல்ல ஞாபகசாலி. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நின்றது. குறிப்பாணையில் இரண்டு இடத்தில் விதி எண் தவறாக இருந்தது, திருத்தி அனுப்பினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்று அலுவலக வாசலில் இயந்திரத்தை மறுபடி போர்வையில் சுற்ற ஏழுமலை உதவினார். முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அந்த ஓவியரு எடுத்துக்கினு போனாரே, அது மெட்ராஸ்ல ஓடுதா சார்?"

ஓடியது. ஒரு கூடத்தில், காலை பத்து முதல் மாலை ஆறு வரை, திரும்பத் திரும்ப. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை சக்கரம் எழுந்துகொண்டிருந்தது. ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன், இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவரே மனதுக்குள் போட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.  அஞ்சலையைக் கைப்பிடித்துப் பஸ் நிலையத்துக்கு மெதுவாகக் கூட்டிப் போனார்.

அன்று கடலூர் திரும்பியதும் சுழற்றியை உட்கார்ந்து திருப்பினேன். நேராக ஓடும் ஒரு பிரதி தயாரானது. ஓவியருக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும், அதுதான் முறை. அவர் வெளிநாட்டிலிருந்து பதில் போட்டு, அது வந்து சேர்வதற்குள் அஞ்சலைக்கு நாள் நெருங்கிவிடும். 'தொழில்நுட்பத் திருத்தம்: பழைய பிரதியை நீக்கிப் புதிய பிரதியை இடவும்' என்று எனக்கு நானே ஒரு கடிதம் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, மறுநாள் சென்னைக்கு ரயில் ஏறினேன். கூடத்தின் பொறுப்பாளர் முத்திரையை மட்டும் பார்த்தார். நாடாவை மாற்றினேன்; கழற்றிய பழையதும் எங்கள் அலமாரிப் பிரதியும் பிறகு மறுபயன்பாட்டுக்குப் போயின. நின்று ஒரு முறை முழுக்கப் பார்த்தேன். பொடி கீழே விழுந்தது, சக்கரம் ஆயிற்று, கலைந்தது. என்னோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரே பார்வையாளர் மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம் தேடி வந்தவர்.

அடுத்த வாரம் ஓர் இதழில் விமர்சனம் வந்தது. காலம் பின்னோக்கி ஓடுவதன் துயரத்தை இந்தப் படைப்பு நம் எலும்பில் உணர்த்துகிறது என்று எழுதியிருந்தார்கள். நிறைவு நாளுக்கு ஓவியர் வந்தார். திரைக்கு முன்னால் நின்று, பொடி எப்படித் தரையிலிருந்து கைக்கு எழுகிறது பாருங்கள் என்று விருந்தினர்களுக்குக் காட்டினார். திரையில் பொடி கையிலிருந்து தரைக்கு விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவருடைய கண்ணும் பழுதில்லாததுதான். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே.

நடந்தது தவறா என்று கேட்டால், தவறுதான். ஒருவருடைய படைப்பை அவருக்குத் தெரியாமல் மாற்றினேன். உட்பிரிவோடு சொல்ல முடியும். ஆனால் அதற்கு முன்பே இன்னொருவருடைய படைப்பை, அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், என் கையால் மாற்றியிருந்தேன். அதற்கு எந்த விதியிலும் உட்பிரிவு இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் நீங்கள் விழித்திருக்க வேண்டும். இதைப் பாடம் என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அஞ்சலைக்குப் பெண் பிறந்தது. இதையும் அதையும் சேர்த்து நான் பேசுவதில்லை; ஏழுமலையும் பேசியதில்லை. அவர் நிரந்தரமாகி, மேஸ்திரியாகி, ஓய்வும் பெற்றுவிட்டார். சுழி வழுக்கையில் போய்விட்டது.

இப்போது வேண்டுகோள். ஓவியரின் படைப்புகள் முழுவதும் உங்கள் பிரிவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டியில் கூடத்தில் ஓடிய நாடாவும் இருக்கும். பட்டியலில் 'பின்னோக்கி ஓடும் சக்கரம்' என்று எழுதியிருக்கும். ஓட்டிப் பார்த்தால் முன்னோக்கி ஓடும். நீங்கள் கெட்டிக்காரர்கள், கோளாறு என்று நினைத்து, ஒரே சொடுக்கில் திருப்பிவிடுவீர்கள். திருப்பாதீர்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் முப்பது வயது தாண்டிய ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.